முக்கோண முத்திரையிட்ட முன்கண்ணாடி

ஒரு நாகரிகம் அழிவது அதன் கண் பிடுங்கப்படும்போதுதான். கிழக்கு மாகாணத்தின் கண், சென்ற புதன்கிழமை அதிகாலை, நாவற்குடாவில் வைத்துப் பிடுங்கப்பட்டது. அதன் அகலம் ஐந்து சென்ரிமீற்றர், உயரம் ஒன்றரை.

சிற்றுந்துச் செம்மல் பூபாலபிள்ளையின் முறைப்பாட்டுக் கடிதம் இப்படித்தான் தொடங்கியது. அளவுகளை மட்டும் அவர் அடிக்குறிப்பில், பொடி எழுத்தில் போட்டிருந்தார்.

துப்பறிவாளர் வினாயகமூர்த்தி கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். முப்பது வருடம் காப்புறுதிக் கம்பனி ஒன்றுக்காக நொறுங்கிய வாகனங்களைச் சுற்றிவந்து பார்த்து ஓய்வுபெற்றவர் அவர். காணாமற்போன முன்கண்ணாடி அவருக்குப் புதிதல்ல. தீப்பெட்டிக்குள் அடங்கும் முன்கண்ணாடி புதிது.

“பெரிய வழக்கு,” என்றார்.

“ஓம் சேர். பூதக்கண்ணாடிய மறக்காம எடுங்க,” என்றாள் நிருஷா.

நிருஷா அவருடைய உதவியாளர். அந்த வேலைக்கு விண்ணப்பித்த ஒரே ஆள் அவள்தான். ஸ்கூட்டரும் அவளுடையது என்பதால் நேர்முகப் பரீட்சை சீக்கிரம் முடிந்துவிட்டது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இருவரும் பூபாலபிள்ளையின் முன்னறையில் நின்றார்கள். கண்ணாடி அலுமாரி ஒன்றைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கும் அலுமாரிக்கும் இடையே மூன்று அடி. அது ‘மரியாதைத் தூரம்’ என்று பூபாலபிள்ளை விளக்கினார். அலுமாரிக்குள், உண்மையான காரின் இருபத்துநான்கில் ஒரு பங்காகச் சுருங்கிய கறுப்பு மொறிஸ் மைனர். முன்கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. பல்லு விழுந்த பிரமுகரைப் போல அது முழித்துக்கொண்டிருந்தது.

பூபாலபிள்ளை கிழக்கிலங்கை மாதிரி வாகனக் கலைஞர் பேரவையின் தலைவர். பேரவையில் ஏழு உறுப்பினர்கள், ஒன்பது பதவிகள். மிஞ்சிய இரண்டு பதவிகளையும் சுமக்க வேறு ஆளில்லாததால் செயலாளரும் ஆண்டு மலர்க்குழுத் தலைவரும் அவரே. மேடையில்லாத இடத்திலும் அவர் மேடைத்தமிழில்தான் பேசுவார்.

“இது சாதாரணக் கண்ணாடியன்று. இங்கிலாந்தில் வார்த்தெடுக்கப்பட்ட அசல். இந்தத் தீவில் இதற்கு இணை கிடையாது,” என்று சுவரைக் காட்டினார்.

சுவரில் சட்டமிட்ட புகைப்படம் ஒன்று, யன்னல் அளவில் தொங்கியது. கண்ணாடியின் மேல்விளிம்பை மட்டும் பெரிதாக்கி எடுத்த படம். காரை விட அது பத்து மடங்கு பெரிது. மூன்று அம்புகள் ஒன்றையொன்று துரத்தி முக்கோணமாகி நிற்க, நடுவே ‘1’ என்ற இலக்கம். தொழிற்சாலையின் அரச முத்திரை அது என்றும், ஒன்று என்றால் முதல்தரம் என்றும் பூபாலபிள்ளை சொன்னார். பத்து வருடமாகப் பாடசாலைப் பிள்ளைகள் வரிசையில் வந்து அதைப் பார்த்துக் குறிப்பெடுத்துப் போயிருக்கிறார்கள்.

நிருஷா தலையைச் சரித்துப் பார்த்தாள். இதை எங்கேயோ கண்டிருப்பதாகச் சொன்னாள்.

“நூல்களில் கண்டிருப்பீர்கள்,” என்றார் பூபாலபிள்ளை.

வினாயகமூர்த்தி கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் தயாராக இருந்தது. செவ்வாய் இரவு படுக்கப் போகுமுன் கண்ணாடி இருந்ததைத் தன் இரு கண்ணாலும் கண்டார். புதன் காலை ஆறு மணிக்கு இல்லை. பூட்டு உடைக்கப்படவில்லை. செய்தவன் யார் என்பதும் தெரியும்: ஏறாவூர் சாலிஹ். மாதிரிக் கார்களுக்கு மாற்று முன்கண்ணாடி செய்து விற்பவன். ஞாயிற்றுக்கிழமை வந்து, உங்கள் கண்ணாடி மஞ்சள் பூத்துவிட்டது, புதிதாக ஒன்று செய்து தருகிறேன் என்று கேட்டிருக்கிறான். நோட்டம் பார்க்கத்தான் வந்திருக்கிறான்.

மாலை நான்கு மணிக்குப் பேரவைக் கூட்டம். சாலிஹ் கள்வன் என்று தீர்மானம் நிறைவேறும். தீவு முழுவதும், வளைகுடாவிலும் உள்ள சேகரிப்பாளர் முந்நூறு பேரின் வட்ஸ்அப் குழுவில் அது உடனே போடப்படும். துப்பறிவாளர் செய்ய வேண்டியது ஒன்றுதான். பூபாலபிள்ளை ஒரு தாளை நீட்டினார். துப்பறிந்த அறிக்கை. முடிவுரையோடு தட்டச்சுச் செய்து, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

“இன்னும் ஒண்டும் துப்பறியல்லையே சேர்,” என்றாள் நிருஷா.

“அதனால்தான் கையெழுத்தை நான் போடவில்லை,” என்றார் பூபாலபிள்ளை.

வினாயகமூர்த்திக்குப் பெருமை பிடிக்கும். ஆனால் பார்க்காத வண்டிக்கு அவர் ஒருநாளும் கையெழுத்து வைத்ததில்லை. தாளை மடித்து வைத்துக்கொண்டு, நான்கு மணிக்கு வருவதாகச் சொன்னார். ஏறாவூரிலிருந்து திரும்பும் வழியில், ரவுண் கடைத்தெருவில் இஷாமின் அச்சகத்தில் பேரவையின் ஆண்டு மலர் கட்டிவைத்திருப்பதாகவும், அதையும் எடுத்துவரும்படியும் பூபாலபிள்ளை பணித்தார். துப்பறிவாளர் ஒருவர் ஸ்கூட்டரில் வருவதில் இப்படியொரு வசதி.

*

சாலிஹின் பட்டறை வீட்டோடு ஒட்டிய தகரக் கொட்டில். உள்ளே ‘உர்ர்’ என்று பெரிய இரைச்சல். வினாயகமூர்த்தி வாசலிலேயே நின்று, ஆபத்தான யந்திரம் ஏதோ ஓடுவதாக எச்சரித்தார். நிருஷா எட்டிப் பார்த்துவிட்டு, வீடு கூட்டுகிற வெக்யூம் கிளீனர் சேர் என்றாள்.

சாலிஹுக்கு நாற்பது வயதிருக்கும். கட்டாரில் எட்டு வருடம் வேலை செய்துவிட்டு வரும்போது, எல்லாரும் தொலைக்காட்சி கொண்டுவர, அவர் கொண்டுவந்தது இந்த உறிஞ்சியைத்தான். தெளிந்த பிளாஸ்டிக் தகடொன்றை இரும்புச் சட்டத்தில் பூட்டி மின்னடுப்புக்கு மேலே பிடித்திருந்தார். தகடு சூடேறி, எண்ணெயில் போட்ட பப்படம் போல நெளிந்து, பிறகு நடுவில் தொய்ந்தது. அந்தக் கணத்தில் அதைத் தூக்கி, விரல் நீள வேப்பங்கட்டை அச்சின்மேல் கவிழ்த்தார். அச்சு நின்ற பெட்டியில் ஊசித் துளைகள். கீழே உறிஞ்சி இழுக்க, தகடு கட்டையோடு தோலாக ஒட்டிக்கொண்டது. ஆறியதும் கழற்றி, கடதாசி அளவு வைத்து பிளேட்டால் வெட்டி, நிலத்துக்குப் பூசும் திரவப் பொலிஷில் முக்கி, தூசு படாமல் சோற்றுக்கோப்பை ஒன்றால் மூடினார்.

“அஞ்சு நிமிசம் இருங்க. தூக்கிப் பாத்தா, இரிக்கா இல்லையா எண்டே தெரியாது,” என்றார்.

“காணாமற்போன கண்ணாடிக்கும் அதே நிலைமைதான்,” என்றார் வினாயகமூர்த்தி, குரலைத் தடிப்பாக்கி. சொல்லிக்கொண்டே மூலையில் அடுக்கியிருந்த தகடுகளைப் பூதக்கண்ணாடியால் ஆராய்ந்தார். திடீரென்று நிமிர்ந்தார். ஒவ்வொரு தகட்டின் ஓரத்திலும் மூன்று அம்புகள், முக்கோணம், நடுவே ஒன்று.

களவு மட்டுமல்ல, இது இங்கிலாந்து முத்திரையைக் கள்ளமாகப் பொறிக்கும் சர்வதேசக் குற்றம் என்று அவர் அறிவித்தார். தூதரகத்துக்கு அறிவிக்க நேரும் என்றார். தூதரகம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று நினைவுபடுத்தவும் முயன்றார்.

நிருஷா தன் பையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்தாள். குடித்து முடித்தாள். கவிழ்த்து, அடிப்பக்கத்தை அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள். மூன்று அம்புகள், முக்கோணம், நடுவே ஒன்று.

“காலையில இருந்து நான் இங்கிலாந்துத் தண்ணிதான் குடிச்சிருக்கன் சேர்.”

வினாயகமூர்த்தி பூதக்கண்ணாடியைப் பைக்குள் வைத்தார். சாலிஹ் சிரிக்கவில்லை. பிளாஸ்டிக் சாமான் எல்லாவற்றிலும் அந்தக் குறி இருக்கும், திரும்ப உருக்கலாம் என்பதற்கான அடையாளம், ஒன்று என்பது பிளாஸ்டிக்கின் ஜாதி என்று பொறுமையாகச் சொன்னார். அவருடைய தகடுகள் மஸ்கட் இனிப்புப் பெட்டி மூடிகள். கலியாண வீடுகளில் மஸ்கட் தின்றவர்கள் எறிகிற தெளிந்த மூடிகளைக் கழுவி எடுத்து வைப்பார். தொழில் தொடங்கிய காலத்தில் கொழும்புக் கடையொன்றுக்கு ஒரு டசின் செய்து அனுப்பியதாகவும், அந்தக் கடைக்காரர் அதை என்ன பேர் சொல்லி விற்றார் என்று தான் கேட்கவில்லை என்றும் சொன்னார்.

நிருஷா கைபேசியில் எடுத்திருந்த சுவர்ப்படத்தைக் காட்டினாள். சாலிஹ் ஒரு முறை பார்த்தார்.

“இது நம்மட மூடிதான் தங்கச்சி. மஞ்சள் அடிச்சது வயசால இல்ல. ஆரோ வார்னிஷ் பூசியிரிக்காங்க.”

“சாலிஹ் நானா, ஞாயிற்றுக்கிழமை அங்க போனீங்களே, என்ன நடந்த?” என்று நிருஷா கேட்டாள்.

அவர் நினைவுபடுத்திச் சொன்னார். பெரிய மனிதர் வீட்டுக்கு முதன்முதலாகப் போகிறோமே, வெறுங்கையோடு போகக்கூடாதென்று ஒரு பெட்டி மஸ்கட் வாங்கிக்கொண்டு போனார். பூபாலபிள்ளை நன்றாகத்தான் கதைத்துக்கொண்டிருந்தார். பெட்டியைக் கையில் வாங்கியவர், மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. ஒரு துண்டும் தின்னவில்லை, கொஞ்சம் வேலை இருக்கிறதென்று எழும்பிவிட்டார்.

“சீனி வருத்தம் ஆக்கும் எண்டு நினைச்சன்,” என்றார் சாலிஹ்.

வினாயகமூர்த்தி தன் பங்குக்கு ஒரு கேள்வி கேட்டார். ஒட்டிய கண்ணாடியைக் கழற்ற எவ்வளவு நேரம் பிடிக்கும்? பலவந்தமாக இழுத்தால் ஒரு நிமிடம், ஆனால் சட்டம் பிய்ந்து வரும் என்றார் சாலிஹ். காரில் கீறல் விழாமல் எடுப்பதென்றால் ஈரச்சீலை வைத்து, வெள்ளைப் பசை ஊறும்வரை அரை மணித்தியாலம் பக்கத்திலேயே இருக்க வேண்டும். காலையில் பார்த்த ஓட்டையில் கீறல் எதுவும் இல்லை. வாகனச் சேதத்தில் மட்டும் வினாயகமூர்த்தியின் கண் தவறாது.

“அப்ப எடுத்த ஆளுக்கு அதில பாசம்,” என்றாள் நிருஷா.

மேசையில் பன்னிரண்டு கடித உறைகள் கிடந்தன. கண்டி, கொழும்பு, டோஹா, துபாய். திங்கட்கிழமை தபாலில் சேர்க்க வேண்டியவை. அந்த வட்ஸ்அப் செய்தி போனால் இவை போகாது. அதைப் பற்றிக் கேட்டபோது சாலிஹ் உறைகளைப் பார்க்கவில்லை.

“ஓடர் போனாப் போகட்டும் ஐயா. கள்ளன் எண்ட பேரோட நான் எப்பிடி ஜும்ஆத் தொழுகைக்குப் போய் நிக்கிற?”

நான்கு மணிக்கு நாவற்குடாவுக்கு வரும்படி நிருஷா அவரிடம் சொன்னாள். கடதாசி அளவையும் கையோடு கொண்டுவரச் சொன்னாள். அது எதற்கென்று வினாயகமூர்த்தி கேட்டார். சும்மா, துப்பறிபவர்கள் கடைசியில் ஏதாவது கொண்டுவரச் சொல்ல வேண்டும்தானே என்றாள்.

*

இஷாமின் அச்சகத்தில் மலர்கள் நான்கு கட்டாகக் கட்டியிருந்தன. ஏழு பேர் கொண்ட பேரவைக்கு இருநூறு பிரதிகள். அறுபத்துநான்கு பக்கம். அதில் நாற்பது பக்கம் வாழ்த்துச் செய்தி. வினாயகமூர்த்தி கட்டைத் தூக்கி ஸ்கூட்டரில் எப்படி வைப்பதென்று அளந்துகொண்டிருக்க, நிருஷா ஒரு பிரதியைப் புரட்டினாள். தலைவரின் செய்தி முதலாம் பக்கத்தில் இருந்தது. அவள் வாசித்தாள். திரும்ப வாசித்தாள். பிறகு, எந்தச் செய்தி வாசிப்பாளரையும் விடத் தெளிவாக, உரத்து வாசித்தாள்:

“‘கயவன் ஒருவனால் களவாடப்பட்டு இன்று எம்மிடையே இல்லாத இங்கிலாந்து அசல் முன்கண்ணாடிக்கு இம்மலரைக் கண்ணீரோடு காணிக்கையாக்குகிறோம்.’”

உருக்கமான நடை என்றார் வினாயகமூர்த்தி.

அவள் இஷாமிடம், மலர் எப்போது அடித்தது என்று கேட்டாள். அதைக் கேட்க ஆள் வராதா என்று காத்திருந்தவர் போல இஷாம் தொடங்கினார். எல்லாம் கோர்த்து முடிந்த பிறகு, திங்கட்கிழமை பின்னேரம் பூபாலபிள்ளை வந்து, தலைவர் செய்தியை மட்டும் மாற்ற வேண்டும் என்று நின்றிருக்கிறார். பழைய செய்தியில் கண்ணாடியைப் புகழ்ந்து ஒரு பக்கம் இருந்ததாம். புதிய செய்தியை இரண்டு தரம் பிழை பார்த்துவிட்டுத்தான் போனாராம். ‘காணிக்கை’க்கு முன்னால் ‘கண்ணீரோடு’ சேர்த்தது இரண்டாம் தரம். செவ்வாய் மத்தியானம் அடித்து, பைண்ட் பண்ணி முடிந்துவிட்டது.

“சேர், கண்ணாடி எப்ப களவு போன?”

“புதன் காலை.”

“மலர் எப்ப அடிச்ச?”

வினாயகமூர்த்தி கட்டை மெதுவாக நிலத்தில் வைத்தார். அவருடைய முகத்தில் ஒரு விளக்கு எரிவதற்கு வழக்கமாகப் பிடிக்கும் நேரம் பிடித்தது. எரிந்ததும், இதைத் தான் காலையிலேயே சந்தேகித்ததாகச் சொன்னார்.

“சீவன் போக முதல் கண்ணீர் அஞ்சலி அடிச்ச ஆள இப்பத்தான் பாக்கிறன்,” என்றார் இஷாம். “செலவுக் கணக்கும் முதலே தந்திட்டார். நல்ல மனிசன்.”

*

பேரவையில் பதவிக்கு ஒரு கதிரை. முன்னறையில் ஒன்பது கதிரைகளும் ஏழு பேரும் இருந்தார்கள். ஒவ்வொரு கதிரையின் முதுகிலும் பதவியின் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. பூபாலபிள்ளை தலைவர் கதிரையில் இருந்து கூட்டத்தைத் தொடக்கிவைத்து, செயலாளர் கதிரைக்கு மாறி அறிக்கை வாசித்து, மலர்க்குழுக் கதிரைக்கு மாறித் தன்னைப் பாராட்டி, மறுபடி தலைவர் கதிரைக்கு வந்து அந்தப் பாராட்டுக்கு நன்றி சொன்னார். சாலிஹ் வாசலோரம், செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றார். அவருக்கு யாரும் கதிரை கொடுக்கவில்லை.

தீர்மானம் வாசிக்கப்பட்டது. பொருளாளரின் கையில் கைபேசி தயாராக இருந்தது. செய்தி அதில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. விரலால் தட்ட வேண்டியதுதான் பாக்கி. துப்பறிவாளரின் கையெழுத்தைப் பூபாலபிள்ளை கேட்டார்.

வினாயகமூர்த்தி எழுந்து நின்று, மூக்கைத் துடைத்து, மலரின் முதலாம் பக்கத்தை வாசித்தார். பிறகு கடைசிப் பக்கத்தில் அச்சான திகதியை வாசித்தார். பிறகு முறைப்பாட்டுக் கடிதத்தில் களவு நடந்ததாகச் சொன்ன நாளை வாசித்தார். அவருடைய வாழ்க்கையிலேயே மிகக் குறுகிய பேச்சு அது.

உறுப்பினர்கள் விரல் விட்டு எண்ணினார்கள். திங்கள், செவ்வாய், புதன். உபதலைவர் மறுபடியும் தொடக்கத்திலிருந்து எண்ணினார்.

ஒரு தலைவருக்கு முன்னறிவு இருப்பது குற்றமா என்று பூபாலபிள்ளை கேட்டார். நிருஷா சுவரில் தொங்கிய பெரிய படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது காலையில் பார்த்ததை விட ஒரு பக்கம் சரிந்திருந்தது. பத்து வருடம் கும்பிட்ட சாமியை ஒருவரும் குப்பையில் போடமாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே போய், சட்டத்தின் பின்பக்கம் கையை விட்டாள். பஞ்சில் பொதிந்து, பஞ்சைப் பட்டுத்துணியில் பொதிந்து, துணியை நூலால் கட்டி, அது அங்கே இருந்தது. மஞ்சள் நிறம். ஐந்து சென்ரிமீற்றர்.

பூபாலபிள்ளை உட்கார்ந்தார். எந்தக் கதிரை என்று பார்க்கவில்லை. முதல் தடவையாக மேடைத்தமிழ் அவரைக் கைவிட்டது.

“பத்து வருசமா எத்தின பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கன். மஸ்கட் பெட்டி மூடி எண்டு என்னெண்டு சொல்லுற? களவு போனா அது எப்பவும் அசலாவே கிடக்கும். ஒருத்தரும் திருப்பிப் பாக்கமாட்டாங்க.”

“அதுக்கு என்ன ஏன் கள்ளனாக்கின?” என்றார் சாலிஹ். சத்தம் போடவில்லை.

பூபாலபிள்ளை நிலத்தைப் பார்த்தார். களவு என்றால் ஒரு கள்ளன் வேண்டும்தானே, வேறு யாரையும் தனக்குத் தெரியாது என்றார். தான் சொன்னது தனக்கே கேட்டதும், எழுந்து, வாசல்வரை நடந்து, இரண்டு கையையும் கூப்பி மன்னிப்புக் கேட்டார். சாலிஹ் அந்தக் கைகளைப் பிடித்து இறக்கிவிட்டார். பொருளாளர் கைபேசியிலிருந்த செய்தியை அழித்து, அதன் இடத்தில் வேறொன்றை நிருஷா சொல்லச் சொல்ல எழுதினார். ஏறாவூர் சாலிஹ் மீது தவறான குற்றச்சாட்டு வைத்ததற்குப் பேரவை வருந்துகிறது. நாட்டிலுள்ள தெளிந்த முன்கண்ணாடிகளில் மிகச் சிறந்தவை அவருடையவை. முந்நூறு பேருக்கும் அது போய்ச் சேர்ந்தது. டோஹாவிலிருந்து முதலாவது கட்டைவிரல் வந்தது.

பூபாலபிள்ளை இராஜினாமாக் கடிதம் எழுதினார். பேரவையின் யாப்பு விதிகளின்படி அதைச் செயலாளரிடம் கொடுக்க வேண்டும். அவர் செயலாளர் கதிரைக்குப் போய் அதைப் பெற்றுக்கொண்டு, பரிசீலிப்பதாகச் சொன்னார்.

சாலிஹுக்கு இப்போது கதிரை கிடைத்தது. நிருஷா கொடுத்த மஞ்சள் கண்ணாடியை அவர் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். தொழில் பழகிய காலத்துச் சாமான் என்றார். அப்போதெல்லாம் கீழ்விளிம்பை முழுதாக வெட்டாமல் கொஞ்சம் விட்டுவிடுவாராம். மூடியிலிருந்த குறி அந்தத் துண்டில்தான் வரும். காரில் பொருத்தும்போது அது டாஷ்போர்டுக்குக் கீழே மறைந்துவிடும், வெளியே தெரியாது.

“கீழ்விளிம்பா?” என்றார் வினாயகமூர்த்தி.

சாலிஹ் கடதாசி அளவை எடுத்துக் கண்ணாடியின் மேல் வைத்தார். பொருந்தவில்லை. கண்ணாடியைத் திருப்பினார். இரண்டு மூலைகளைத் தவிர மற்றதெல்லாம் பொருந்தியது. அந்த மூலைகள் யாரோ அரத்தால் ராவியவை.

இங்கிலாந்துக்காரர் சற்றுப் பெரிதாகச் செய்துவிட்டார்கள் என்று நினைத்து, அவற்றைத் தானே ராவியதாகப் பூபாலபிள்ளை ஒப்புக்கொண்டார்.

பத்து வருடமாக அது தலைகீழாக ஒட்டப்பட்டிருந்தது.